பெற்ற பிள்ளைக்கு மட்டும் ரகசியமா?

(மும்பை தாராவியில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியவரே எழுதித் தந்தது.)



இன்றைக்கு இந்தப் பொருளில் நான் பேசப்போகிறேன் என்று பலகையில் எழுதிப்போட்ட நாளிலிருந்து எனக்கு ஏச்சுத்தான். ஒரு தோழர் ரயிலடியிலேயே மறித்துக் கேட்டார்: "சங்கக்காரனே தொழிலாளியின் சம்பளத்தைக் காட்டிக்கொடுக்கலாமா? நிர்வாகம் செய்கிற வேலையை நீங்கள் செய்வதா?" நியாயமான கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளப் பட்டியல் எழுதுகிறவன் நான். யாருடைய சம்பளத்தையும் அடுத்தவன் காதில் போட்டதில்லை. அப்படிப்பட்டவன் இன்றைக்கு ஏன் இப்படிப் பேசுகிறான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மீது இருக்கின்ற ஒரு கறையிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

2011-ஆம் ஆண்டு. அப்போது நான் ஒரு பணிமனையில் பில் கிளார்க். எது என்று சொல்லமாட்டேன். அங்கே வேலை பார்த்த ஒருவர் எங்கள் தாலுகாக்காரர், நாங்குநேரிப் பக்கம். ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகள். கல்யாணில் இன்னொரு குடித்தனம். ஊரில் அந்த அம்மாள் வழக்குப் போட்டு, தனக்கும் பிள்ளைகளுக்குமாக மாதம் 3,000 ரூபாய் ஜீவனாம்ச உத்தரவு வாங்கியிருக்கிறார். அதைச் சம்பளத்தில் பிடித்து அனுப்பும்படி நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. என் மேஜைக்குத்தான் வந்தது.

அன்று சாயங்காலமே அவர் வந்துவிட்டார். "அண்ணே, அப்பீல் போட்டிருக்கேன். ஒரு மாசம் மட்டும் பொறுத்துக்கோங்க. ஊர்க்காரனுக்கு இதுகூடச் செய்யமாட்டீங்களா?" என்றார். நான் அந்தக் கடிதத்தை இழுப்பறையில் போட்டேன். கிழிக்கவில்லை, ஒளிக்கவுமில்லை. போட்டேன், அவ்வளவுதான். ஒரு மாதம் நான்கு மாதமாயிற்று. இவர் போட்டதாகச் சொன்ன அப்பீலைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

ஐந்தாவது மாதம் அந்த அம்மாள் நாகர்கோவில் வண்டியில் ஏறி வந்துவிட்டார். கூடவே மூத்த பெண். வாசலில் காவலரிடம் கெஞ்சி உள்ளே வந்து என் மேஜைக்கு எதிரே நின்றார். "அண்ணாச்சி, கோர்ட்டுக் காயிதம் இங்கதான் வந்திருக்குன்னு வக்கீலய்யா சொல்லுதாவ. ஒரு பார்வை பாருங்க" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் நமக்குப் பழகிப்போன ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதைச் சொன்னேன்: "சம்பள விவரம் ரகசியம் அம்மா. வெளியாளுக்குச் சொல்லக் கூடாது."

அவர் சண்டை போடவில்லை. "நான் வெளியாளா? அவுக பாஸ்ல எம் பேரு இருக்கே அண்ணாச்சி" என்றார்.

அவர் கை மேஜை மேல் இருந்தது. கடிதம் அந்தக் கைக்கு ஒரு சாண் கீழே, இழுப்பறைக்குள் இருந்தது. அன்றைக்கே அதை எடுத்து மேலே அனுப்பினேன். அடுத்த மாதத்திலிருந்து பிடித்தம் தொடங்கியது. ஆனால் அந்த நான்கு மாதத்தில் பள்ளிக்கூடத்தை நிறுத்தி அந்தப் பெண்ணைப் பீடி சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு யாரும் குற்றப் பத்திரிகை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்தச் சங்கம் எனக்காக வாதாடவும் வந்திருக்கும். அதையும் யோசித்துப் பாருங்கள்.

தோழர்களே! சம்பளச் சீட்டு தொழிலாளியின் மானம் என்கிறீர்கள். சரி. அந்தச் சீட்டின் நகல் எங்கெங்கே இருக்கிறது? கூட்டுறவுக் கடன் சங்கத்தில் இருக்கிறது. வங்கியில் இருக்கிறது. தவணையில் கைபேசி விற்றவனிடம் இருக்கிறது. வீட்டுக்காரன் வாடகைக்கு விடுமுன் வாங்கி வைத்திருக்கிறான். மைத்துனிக்கு மாப்பிள்ளை பார்க்கையில் நாமே எடுத்துப்போய்க் காட்டுகிறோம். ஊரெல்லாம் சுற்றிய சீட்டு பெற்ற பிள்ளை கேட்கும்போது மட்டும் ரகசியமாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் பத்தாவது தேறியவன், வக்கீல் அல்ல. ஆனால் இந்த மேஜையில் உட்கார்ந்தவனுக்குச் சில பிரிவுகள் தெரியாமல் இருக்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுதான் நமக்கெல்லாம் தெரிந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 144-ஆவது பிரிவாகியிருக்கிறது. மனைவி, குழந்தைகள், வயதான தாய் தகப்பன் எல்லோருக்கும் உரியது. முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளை, பிறக்காத பிள்ளை என்ற பேதம் அதில் இல்லை. முன்பு மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது என்ற உச்சவரம்பு இருந்தது. 2001-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவைப் பாருங்கள். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தை ஜப்தி செய்தால் முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு. ஜீவனாம்சம் என்றால் கணக்குத் தலைகீழ். மூன்றில் ஒரு பங்குதான் அவனுக்குப் பாதுகாப்பு. சில படிகளை விலக்கியது போகக் கணக்கில் வருகின்ற சம்பளம் 45,000 என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்காரன் தீர்ப்பு வாங்கினால் அவன் தொடக்கூடியது சுமார் 14,667. பிள்ளைக்கு என்று தீர்ப்பு வந்தால் 30,000 வரை தொடலாம். அவ்வளவும் பிடிப்பார்கள் என்று அர்த்தமில்லை, எல்லை அதுவரை. சம்பளத்தில் முதல் பாத்தியதை யாருக்கு என்பதைச் சட்டம் எழுதியவர்கள் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

அதே சட்டத்தில் 21-ஆவது ஆணை, 48-ஆவது விதி. ரயில்வே ஊழியரின் சம்பள ஜப்தி என்று பெயர் சொல்லியே இருக்கிறது. உத்தரவு வந்துவிட்டால் சம்பளம் வழங்கும் அதிகாரி பிடித்து நீதிமன்றத்துக்கு அனுப்பியாகவேண்டும். அதை மீறிச் சம்பளத்தை முழுதாக ஊழியரிடம் கொடுத்தால் அந்தத் தொகைக்கு நிர்வாகமே பொறுப்பு. நான் இழுப்பறையில் வைத்திருந்த நான்கு மாதத்துக்கு 12,000 ரூபாய். அதை யாரிடம் கேட்கலாம் என்று அந்த அம்மாளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொன்னேனா?

2020 நவம்பர் 4-இல் உச்சநீதிமன்றம் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தரவேண்டும். அரசு ஊழியர் என்றால் சம்பளச் சான்றோ சீட்டோ வைக்கவேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். உத்தரவை உரிமையியல் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அருமையான தீர்ப்பு. ஆனால் சீட்டைக் கொண்டுவந்து வைக்கவேண்டியவன் யார்? கொடுக்க மனமில்லாதவன்தானே!

அவன் எப்படி வைப்பான் என்பதை நான் மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வழக்குச் சம்மன் வந்த மாதமே வைப்புநிதிப் பிடித்தத்தை விருப்பப்பட்டு உயர்த்திக்கொள்வான். கடன் சங்கத்தில் தேவையில்லாத கடன் ஒன்று போடுவான். கைக்கு வருவது 11,000 என்று சீட்டு சொல்லும். அந்தக் கடைசி வரியை மட்டும் காட்டி "ஐயா, எனக்கே சோற்றுக்கு வழியில்லை" என்பான். சட்டப்படி கட்டாயமான பிடித்தங்களைத்தான் நீதிமன்றங்கள் பொதுவாகக் கழிக்கும். தானாகப் போட்டுக்கொண்ட கடனை அல்ல. ஆனால் எது கட்டாயம், எது அவனாகச் செய்தது என்பது ஊரிலே இருக்கின்ற அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? அலுவலகம் நேரடியாக நீதிமன்றத்துக்கு எழுதினால்தான் தெரியும். நான் கேட்பது இதைத்தான்.

இன்னொன்று. கேட்டால் வயிறெரியும். மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தைக் கல்விப்படி இருக்கிறது. ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பின் ஒரு குழந்தைக்கு மாதம் 2,250 ரூபாய். பஞ்சப்படி 50 சதவீதத்தை எட்டியதும், 2024 ஜனவரி முதல் 2,812 ரூபாய் 50 காசு. இரண்டு குழந்தைகளுக்கு ஆண்டில் 67,500. பள்ளித் தலைமையாசிரியரின் சான்று வைத்தால் போதும். மனைவியை விட்டுவிட்டு வந்தவன் அந்தச் சான்றுக்கு மட்டும் ஊருக்குப் போன் போடுவான்! "பிள்ளை நல்லா படிக்கானா? சர்டிபிகேட் அனுப்பு" என்பான். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து, வாங்கி, தபாலில் போடுவார். பணம் இங்கே வரும், இங்கேயே நின்றுவிடும். நானே பட்டியலில் ஏற்றியிருக்கிறேன். ஏற்றும்போது கேட்க எனக்கு அதிகாரமில்லை. இன்றைக்கு உங்கள் முன்னால் கேட்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்காதா என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். 2005 சட்டத்தின் 4-ஆவது பிரிவே ஊழியர்களின் மாத ஊதியத்தை அலுவலகங்கள் தாமாக வெளியிடவேண்டும் என்கிறது. ஆனால் 2012-இல் உச்சநீதிமன்றம் ஊழியரின் பணிப்பதிவுகள், வருமானவரிக் கணக்கு முதலியவை தனிப்பட்ட தகவல் என்று ஒரு வழக்கில் சொன்னது. அதன்பின் எல்லா அலுவலகமும் அதையே கேடயமாகப் பிடித்தது. 2018-இல் மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம், கணவன் என்ன சம்பளம் வாங்குகிறான் என்று தெரிந்துகொள்ள மனைவிக்கு உரிமை உண்டு என்றது. அதே ஆண்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளையும், ஜீவனாம்ச வழக்கில் சம்பளம் தனிப்பட்ட விஷயமாக இருக்கமுடியாது என்றது. கதவு கொஞ்சம் திறந்தது. 2025 நவம்பரில் மறுபடி ஒருக்களித்து மூடிவிட்டார்கள். எண்முறைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்ததல்லவா, அதன் வழியாக 8-ஆவது பிரிவைத் திருத்தி, 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். பொதுநலன் பெரிது என்று தோன்றினால் கொடுக்கலாம் என்ற 8-ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு இன்னும் இருக்கிறது. அதைக் காட்டி வாதாடலாம். ஆனால் அந்த வழியை நம்பித் தாய்மார்கள் காலத்தைக் கழிக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே, அலுவலகத்திடமிருந்து சம்பளச் சான்றை வரவழைக்கும்படி மனுப்போடுங்கள். நீதிமன்றம் கேட்டால் 'ரகசியம்' என்று சொல்ல என்னைப் போன்ற கிளார்க்குக்கு வாய் கிடையாது.

இப்போது நம்மைப் போல் பிழைக்க வந்தவர்களின் தனிக் கதைக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக் கீழ்நீதிமன்றங்களில் தமிழில் உத்தரவு எழுதுகிறார்கள். நமக்குப் பெருமைதான். அந்தத் தமிழ் உத்தரவு இங்கே ஒரு மராட்டிய மேற்பார்வையாளரின் மேஜைக்கு வந்தால் அவர் என்ன செய்வார்? ஓரமாக வைப்பார். அடுத்தது பெயர். ஊரில் 'சு. முருகன்'. இங்கே பதிவேட்டில் 'முருகன் சுப்பையா'. தகப்பன் பெயரைக் கடைசிப் பெயராக்கி, அதிலும் எழுத்துப் பிழையோடு. 'சு. முருகன் என்று இங்கே யாரும் இல்லை' என்று கடிதம் திரும்பிப் போகிறது. பொய்யில்லை, பதிவேட்டில் அப்படி ஒருவர் இல்லைதான்! மாதம் தவறாமல் அவனுக்குச் சம்பளம் போடுகிறது அரசாங்கம். அவன் இருக்குமிடம் தெரியவில்லை என்று சம்மனைத் திருப்புவதும் அரசாங்கம். நடுவிலே ஒரு பிள்ளை வளர்கிறது.

மூன்றாவது, இடமாற்றம். ஒருவர் ஒரு கோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கடைசிச் சம்பளச் சான்று போகும், எல்.பி.சி. என்போமே. கடன் சங்கத் தவணை, முன்பணத் தவணை எல்லாம் அதில் எழுதிப் போகும். நீதிமன்ற ஜப்தியும் எழுதப்படவேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டால் புது இடத்தில் முழுச் சம்பளம். மறுபடி ஊரிலிருந்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். கடன் சங்கத்தின் வரி விடுபட்டதாக இதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இனி, என்னை மறித்த தோழரின் பயத்துக்குப் பதில் சொல்லவேண்டும். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஊழியரின் பதிவேடு ஊர்ச் சொத்தானால் நாளைக்கு வட்டிக்காரனும் வருவான், சாதிக்காரனும் வருவான், ஆட்சியில் இருப்பவனும் வருவான். ஆகவே சம்பளப் பட்டியலைச் சுவரில் ஒட்டச் சொல்லவில்லை நான். நீதிமன்றத்துக்கு மட்டும் போகட்டும். வேலையில் இருக்கிறானா, எங்கே இருக்கிறான், மொத்தச் சம்பளம் என்ன, கட்டாயப் பிடித்தம் என்ன, இவ்வளவு போதும். மருத்துவக் குறிப்பு வேண்டாம், தண்டனைப் பதிவு வேண்டாம். என்ன அனுப்பினோம் என்பதன் நகல் ஊழியர் கையில் கொடுக்கப்படவேண்டும். ஏனென்றால் முருகன் ஒருவரல்ல. வேறு முருகனின் சம்பளத்தில் கைவைத்துவிட்டால் அவர் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே? மறுப்புச் சொல்ல அவருக்கு நாள் கொடுக்கவேண்டும். புதிய தகவல் பாதுகாப்புச் சட்டமேகூட, நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றவும், சட்ட உரிமையை நிலைநாட்டவும் தகவலைப் பயன்படுத்த இடம் விட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் இதை முறையாகவே செய்கிறார்கள் என்று படித்தேன். 1995 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் ஓர் ஆணை போட்டார். பிள்ளைக்குப் பணம் கொடுப்பதில் அரசாங்கம் முன்மாதிரி முதலாளியாக இருக்கவேண்டும், அரசு ஊழியர்களின் பதிவுகளைக் கொடுக்காதவர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று. 1996 சட்டத்தின்படி வேலைக்குச் சேருகின்ற எல்லோரின் விவரமும் நாடு முழுவதற்குமான ஒரு பதிவேட்டுக்குப் போகிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடினாலும் உத்தரவு பின்னால் வருகிறது. அங்கே எல்லாம் சரியென்று நான் சொல்லவரவில்லை. கூலிக்காரத் தகப்பன்மார் தலையில் கட்டமுடியாத பாக்கி மலையாக ஏறிக் கிடப்பதையும் அங்குள்ளவர்களே எழுதுகிறார்கள். வேலையிழந்தவன் உத்தரவை மாற்றக் கேட்க வழி வேண்டும். நம் சட்டத்தில் அது இருக்கிறது. நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ மனுச் செய்யலாம்.

ஒரு சங்கக்காரனாகவும் சொல்கிறேன், கேளுங்கள். கட்டாதவனுக்கு இப்போது என்ன நடக்கிறது? பாக்கிக்கு மாதத்துக்கு ஒரு மாதம் என்று சிறைக்கு அனுப்பலாம். சிறை போனாலும் பாக்கி தீராது. 1980-களிலேயே உச்சநீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் ரயில்வே ஊழியர் தானாகவே தற்காலிகப் பணிநீக்கம். அப்புறம் அரைச் சம்பளக் கணக்கில் பிழைப்புப்படி. தொழிலாளிக்கும் நஷ்டம், பிள்ளைக்கும் நஷ்டம். போதாததற்கு, மனைவி மக்களைக் கைவிடுவது அரசு ஊழியருக்குத் தகாத நடத்தை, நடவடிக்கை எடுக்கலாம் என்று உள்துறை அமைச்சகம் 1959-லேயே எழுதிவைத்திருக்கிறது. வேண்டும்போது அதை எடுப்பார்கள். இதைவிட மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து அனுப்புவது எத்தனையோ மேல். வேலையும் நிற்கும், பிள்ளையும் படிக்கும்.

நம் சங்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. 'குடும்ப விவகாரத்தில் சங்கம் தலையிடாது' என்போம். ஆனால் அந்தக் குடும்ப விவகாரத்தால் குற்றப் பத்திரிகை வந்தால் ஊழியருக்காகத் தலையிடுகிறோம். அது தலையிடுவது இல்லையா? எந்தத் தோழருக்கும் நாம் வாதாடுவோம், அதில் மாற்றமில்லை. நீதிமன்றக் கடிதத்தை இழுப்பறையில் போட மட்டும் இனி நம்மில் யாரும் துணைபோகக் கூடாது. அதைத்தான் நான் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். கூடவே நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. ஜீவனாம்ச உத்தரவுகள் வந்துசேர மண்டலத்துக்கு ஒரே ஒரு முகவரி, வந்ததற்கு நீதிமன்றத்துக்கு உடனே ரசீது, எல்.பி.சி.யில் ஜப்திக்குத் தனி வரி. கல்விப்படி யார் பிள்ளையைப் படிக்கவைக்கிறாரோ அவர் கணக்குக்கு.

நம்மில் பெரும்பாலோர் அரசு ஊழியர் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஒப்பந்தக் கூலி, டாக்சி, இட்லிக் கடை. அவர்கள் வீட்டுப் பெண்கள் வழக்குப் போட்டால் சம்பளச் சீட்டே கிடையாது, எதைக் கேட்பது? அது இதைவிடப் பெரிய பிரச்சினை, இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். சீட்டு இருக்கின்ற இடத்திலேயே நம்மால் முடியவில்லை என்றால் இல்லாத இடத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை?

ஊரிலிருக்கும் தாய்மார்களுக்குச் சொல்லியனுப்புங்கள். தமிழ் உத்தரவு என்றால் ஆங்கிலத்தில் சான்றளித்த மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பெயரை இரண்டு விதமாகவும் எழுதச் சொல்லுங்கள், தகப்பனார் பெயரோடு. பழைய பாஸ் நகல், மருத்துவ அட்டை எதிலாவது ஊழியர் எண் இருந்தால் அதைக் கட்டாயம் குறிக்கவேண்டும். பெயர் மாறினாலும் எண் மாறாது. பாக்கியை ஓர் ஆண்டுக்குள் கேட்கவேண்டும், தள்ளிப்போடக் கூடாது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் நான் சங்கத்தில் இருப்பேன். காகிதத்தைக் கொண்டுவந்தால் எந்த அலுவலகத்துக்கு, எந்த அதிகாரிக்கு என்று எழுதித் தருகிறேன்.

தீர்மானத்தை எதிர்த்துப் பேச நான்கு தோழர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ரயிலடியில் என்னை மறித்தவரும் அதில் ஒருவர். அவர் முதலில் பேசட்டும் என்று தலைவரைக் கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.